ஐம்பத்திரண்டு மில்லிமீட்டர்

மைக்காரரின் தாடையில் முதல் ‘டக்’ கேட்டபோது, ஏழாம் நடைமேடையில் நின்ற பேருந்து ஆள் ஏறி முடிவதற்குள் கிளம்பிப் போய்விட்டது. ஓட்டுநர்மீது தப்பில்லை. ஒலிபெருக்கியில் அப்படியொரு சத்தம் வந்தால் புறப்படச் சொல்கிறார்கள் என்றுதான் யாரும் நினைப்பார்கள். மறுநாள் இரண்டு வண்டிகள் கிளம்பின. மூன்றாம் நாள் ‘டக்’ கேட்டதும் பயணிகளே பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓட ஆரம்பித்தார்கள். ஒரே வாரத்தில் அந்தப் பேருந்து நிலையத்தில் வண்டிகள் நேரத்துக்குக் கிளம்பத் தொடங்கின. இருபது வருஷத்தில் நடக்காத விஷயம் என்பதால், தலைமையகத்திலிருந்து விசாரணை வந்துவிடுமோ என்று நிலைய மேலாளருக்குத் தூக்கம் போயிற்று.

மைக்காரர் என்பது பட்டப்பெயர். நிலையத்தின் கண்ணாடி அறைக்குள் இருபத்திரண்டு வருஷமாக உட்கார்ந்து, எந்த வண்டி எந்த நடைமேடையிலிருந்து எத்தனை மணிக்குப் புறப்படும் என்று சொல்லிக்கொண்டிருந்த மனிதர். வேறு வேலை தெரியாது. வீட்டில் மனைவி சாப்பிடக் கூப்பிட்டால்கூட, “இன்னும் ஐந்து நிமிடங்களில் வந்து சேரும்” என்றுதான் பதில் வரும்.

ஒருநாள் காலையில் ஆப்பிளைக் கடிக்கப் போனவருக்கு வாய் பாதியில் நின்றுவிட்டது. ஒரு விரல் நுழையும். இரண்டாவது விரலுக்கு இடம் கிடையாது. அன்றைக்கு அறிவிப்புகளெல்லாம் பல் இடுக்கில் வடிகட்டி வந்தன. நாலாம் நடைமேடைக்குப் போக வேண்டியவர்கள் கழிப்பறை வாசலில் போய் வரிசையில் நின்றார்கள்.

மேலாளர் கூப்பிட்டு அனுப்பினார்.

“வாய் திறக்கலைன்னா உங்களுக்கு எதுக்குங்க மைக்கு?” என்றார். “பதிவு பண்ணின குரலை ஒரு பெட்டியில போட்டு தலைமையகத்துல அனுப்பி வெச்சிருக்காங்க. இன்னும் பிரிக்கலை. ஆறு வாரம் டைம் தர்றேன். வேலைக்குத் தகுதின்னு டாக்டர் சான்றிதழ் கொண்டாந்தா பெட்டியைத் திருப்பி அனுப்பிடறேன். கொண்டாரலைன்னா உங்களைத் திருப்பி அனுப்பிடறேன்.”

“தாடைக்கு யார்கிட்ட சார் போறது?”

“இது என்ன கேள்வி? தாடை மையம் இருக்கே.”

இருந்தது. ‘தாடை மூட்டுத் தொலைநல மையம்’ என்று நாலு மாடிக் கண்ணாடிக் கட்டடம். வரவேற்பறையில் அறுபது நாற்காலிகள், கடையிலிருந்து வந்த பாலிதீன் உறைகூடப் பிரிக்காமல் வரிசையாக. ஒருத்தரும் உட்கார்ந்திருக்கவில்லை. மைக்காரர் உள்ளே கால் வைத்ததும் வரவேற்புப் பெண் எழுந்து நின்றுவிட்டாள். பயந்து போயிருந்தாள்.

“ஐயா, நீங்க இங்க வரக் கூடாது.”

“நான் நோயாளிம்மா,” என்றார் மைக்காரர் பல்லுக்கு நடுவே.

“அதனாலதான் ஐயா. இது தொலைநல மையம். தொலைவுல இருந்தாதான் எங்களால பாக்க முடியும்.”

“எவ்வளவு தொலைவு?”

அவள் ஒரு தடித்த புத்தகத்தை எடுத்துப் புரட்டினாள். “குறைஞ்சது இருநூறு மீட்டர்.”

மைக்காரர் வெளியே வந்து, அடியை எண்ணிக்கொண்டே நடந்து, சைக்கிள் கடையைத் தாண்டி ஒரு மின்கம்பத்தடியில் நின்று போன் போட்டார். கண்ணாடி வழியாக அதே பெண் அதே மேசையில் போனை எடுப்பது தெரிந்தது.

“வணக்கம், தாடை மூட்டுத் தொலைநல மையம். எங்கிருந்து பேசறீங்க?”

“மின்கம்பம்.”

“கொஞ்சம் கையை ஆட்டிக் காட்டுங்க.” ஆட்டினார். “இன்னும் நாலு அடி பின்னாடி போங்க. ம், போதும். இப்ப வீட்டுக்குப் போய், நான் அனுப்பற எண்ணுக்குக் கூப்பிட்டுப் பதிவு பண்ணிக்குங்க.”

பதிவு செய்வதற்கு ஓர் இயந்திரக் குரல் இருந்தது. ‘தங்கள் குறையைத் தெளிவாகச் சொல்லவும்’ என்றது. மைக்காரர் சொன்னார். ‘தெளிவாக இல்லை. வாயை நன்றாகத் திறந்து சொல்லவும்’ என்றது. பதினோரு தடவை சொன்னார். பதினோரு தடவையும் அது கோபப்படாமல் அதையே சொன்னது. மனைவிக்குப் பொறுக்கவில்லை. போனைப் பிடுங்கி, “இவருக்கு வாய் திறக்கலை” என்றார். ‘மிகத் தெளிவு. தங்கள் தாடை நலமாக உள்ளது. நன்றி’ என்று இணைப்பு அறுந்தது. அடுத்த முறை அந்த அம்மாள் வாய் நிறையக் கைக்குட்டையை அடைத்துக்கொண்டு என்னவோ சொன்னார். உடனே பதிவாகிவிட்டது.

பதிவானவர்களுக்கெல்லாம் மையத்தின் இயக்குநர் பேசும் படம் ஒன்று வரும். மைக்காரரும் மனைவியும் சமையலறை மேசையில் போனைச் சாய்த்து வைத்துப் பார்த்தார்கள். நல்ல கோட்டு, நல்ல பல்.

“அன்பார்ந்த தாடையாளரே,” என்றார் இயக்குநர். “மையம் தொடங்கிப் பதினோரு ஆண்டுகள் ஆகின்றன. இந்தப் பதினோரு ஆண்டுகளில் எங்கள் கை ஒரு நோயாளிமீதும் பட்டதில்லை. கை படாததால் கைத்தவறும் நேர்ந்ததில்லை. தொடக்கத்தில் சிலர் நேரில் வந்தார்கள். அவர்களில் பலர் குணமாகவில்லை. எனவே நேரில் வருவதை நிறுத்தினோம். அதன்பிறகு குணமாகாத ஒருவர்கூட எங்கள் கண்ணில் பட்டதில்லை. நோயாளியை முழு மனிதராகப் பார்க்கிறோம் என்று சொல்லிக்கொள்ளும் மருத்துவமனைகள் உண்டு. நாங்கள் மில்லிமீட்டராகப் பார்க்கிறோம். மில்லிமீட்டர் அழாது. மில்லிமீட்டர் ஏன் என்று கேட்காது. வரவேற்பறையில் வந்து உட்காராது.”

“இந்த ஆளுக்குத் தாடையில ஒண்ணும் குறையில்ல,” என்றார் மனைவி.

இரண்டு நாளில் தபாலில் ஒரு பெட்டி வந்தது. குளிர்பதனப் பெட்டி வந்திருக்கிறது என்று பக்கத்து வீட்டில் நினைத்துக்கொண்டார்கள். உள்ளே ஒரு காகித அளவுகோல், ஐஸ்குச்சி மாதிரி ஒரு கட்டு மரக்குச்சிகள், சட்டையில் குத்திக்கொள்ள ஒரு வில்லை, அறுபத்து நாலு பக்கத்தில் ஒரு கையேடு. கையேட்டில் அறுபத்தொரு பக்கம் இயக்குநர் பல ஊர் மேடைகளில் நிற்கும் படங்கள். மிச்சம் மூன்று பக்கத்தில் வைத்தியம்.

அந்த மூன்று பக்கத்தை நான் குறை சொல்ல மாட்டேன். நாக்கு நுனியை மேல்பல்லுக்குப் பின்னால் அண்ணத்தில் வைத்துக்கொண்டு வாயை மெதுவாகத் திறந்து மூடு. மோவாய்க்கு அடியில் கட்டைவிரலை வைத்து லேசாக எதிர்த்துத் திற. வெந்நீரில் நனைத்த துணியால் காதோரம் ஒற்றடம் கொடு. ஆறு தடவை, நாளைக்கு ஆறு வேளை. மைக்காரர் மணியடித்த மாதிரி செய்தார். இருபது நாளில் ‘டக்’ நின்றது. வலி பாதியாயிற்று. ஆப்பிளைத் துண்டு போட்டுத் தின்ன முடிந்தது. பக்கத்தில் ஒருத்தர் உட்கார்ந்து, “போதும், இன்னிக்கு இவ்வளவுதான்” என்று சொல்லியிருந்தால் கதை இங்கேயே முடிந்திருக்கும். நானும் உங்கள் நேரத்தை வாங்கியிருக்க மாட்டேன்.

ஆனால் திங்கட்கிழமைதோறும் குச்சிகளைப் பல்லுக்கு இடையே அடுக்கி, அளவுகோலைப் பக்கத்தில் வைத்துப் படம் எடுத்து அனுப்ப வேண்டும். பிறகு வழிகாட்டி என்றொரு பெண் காதில் ஹெட்போனுடன் போனில் தோன்றுவாள். எழுதி வைத்ததைப் பார்த்துப் படிப்பாள்.

“ஐயா, உங்க கோடு படுத்துடுச்சு,” என்றாள் மூன்றாம் வாரம்.

“எந்தக் கோடும்மா?”

“முன்னேற்றக் கோடு. மூணாவது வாரம் முப்பத்தஞ்சு மில்லிமீட்டர், ஆறாவது வாரம் நாற்பது இருக்கணும். உங்களுக்கு இருபத்திநாலுதான்.”

“வலி குறைஞ்சிருக்கும்மா. சத்தமும் நின்னுடுச்சு.”

“வலிக்கு இதுல கட்டம் இல்லைங்க ஐயா.”

“யாராவது ஒருதரம் தொட்டுப் பாத்தா நல்லா இருக்கும்.”

“நான்தான் பாத்துக்கிட்டிருக்கேனே.”

“நீங்க பாக்கறது என் நெத்திம்மா. போனு சாஞ்சிருக்கு.”

“அளவுகோல் தெரியுது ஐயா. அது போதும்.”

கோடு படுத்ததற்காக ‘மஞ்சள் நிலைத் தாடையாளர்’ என்று ஓர் அட்டை வந்தது. வாசலில் ஒட்டச் சொல்லியிருந்தார்கள். ஒட்டினார். மறுநாளிலிருந்து பால்காரர் கேட்டுக்கு வெளியிலிருந்தே பாலை வீசிவிட்டுப் போனார். எதிர்வீட்டுக்காரர் ஜன்னலைச் சாத்திக்கொண்டு உள்ளேயிருந்து நலம் விசாரித்தார்.

ஐந்தாம் வாரம் இருபத்தேழு மில்லிமீட்டர். வேலைக்கு இன்னும் ஒரு வாரம்தான் தவணை. மைக்காரர் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார். மனைவி போனைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

“ஐயா, இன்னிக்கு விட்டா உங்க பதிவையே மூடிடுவாங்க,” என்றாள் வழிகாட்டி. “இன்னும் ரெண்டு குச்சி வைங்க.”

வைத்தார்.

“இன்னும் ரெண்டு.”

“ஆ,” என்றார் மைக்காரர். போதும் என்று அர்த்தம்.

“அருமை ஐயா. இன்னும் ஒண்ணே ஒண்ணு.”

‘டக்’ என்றது. இதுவரை கேட்ட ‘டக்’ எல்லாம் இதன் பிள்ளைகள் என்று சொல்லலாம். குச்சிகள் பொலபொலவென்று மடியில் கொட்டின. வாய் அப்படியே நின்றது, தபால்பெட்டி மாதிரி. மூட முயன்றார், முடியவில்லை. கையால் தள்ளினார், நகரவில்லை. கண் மட்டும் இரண்டு மடங்கு வேலை செய்தது.

போனில் வழிகாட்டி எழுந்து நின்றாள். “ஐம்பத்திரண்டு,” என்றாள். “எல்லாரும் வாங்க. ஐம்பத்திரண்டு வந்திருக்கு.” அவளுக்குப் பின்னால் பத்துப் பதினைந்து பேர் கூடிக் கைதட்டினார்கள். யாரோ கேக் வெட்டினார்கள்.

“ஏம்மா, வாயை மூட முடியலை அவரால,” என்றார் மனைவி.

“மேடம், மூடறது எங்க பொறுப்புல வராது. நாங்க திறப்புப் பிரிவு. மூடல் பிரிவு அடுத்த வருஷம் ஆரம்பிக்கறாங்க. மூணாவது மாடியில நாற்காலியெல்லாம் வந்தாச்சு.”

“அதுவரைக்கும் இவரு?”

“இதே நிலையைத் தொடரச் சொல்லுங்க.”

நாலு நிமிஷத்தில் சான்றிதழ் வந்துவிட்டது. ‘மேற்படி நபரின் வாய் முழுமையாகத் திறக்கிறது. இனி இவருக்கு எந்தச் சிகிச்சையும் தேவையில்லை. வேலைக்குத் தகுதியானவர்.’ அரைமணி நேரத்தில் பாராட்டு விழாவும் வந்துவிட்டது. நாற்பது முகங்கள் போனில் கட்டம் கட்டமாகத் தோன்றின. நடுக்கட்டத்தில் இயக்குநர்.

“இவரைப் பாருங்கள்,” என்றார். “ஐந்து வாரங்களுக்கு முன் ஒரு விரல்கூடச் சரியாக நுழையாத வாய். இன்று ஒரு கைப்பிடி நுழையும். இதற்காக நாங்கள் என்ன செய்தோம்? ஒன்றுமே செய்யவில்லை. ஒன்றும் செய்யாமல் இவ்வளவு சாதிக்கும் நிறுவனம் வேறு எது? பாருங்கள், நன்றியில் பேச்சு வராமல் உட்கார்ந்திருக்கிறார். ஐயா, நம் குடும்பத்துக்கு இரண்டு வார்த்தை சொல்லுங்கள்.”

“ஆ,” என்றார் மைக்காரர். மோவாய் வழியே எச்சில் ஒழுகியது. மனைவி துண்டைக் கீழே பிடித்தார்.

“ஒரே எழுத்தில் சொல்லி முடித்துவிட்டார்,” என்றார் இயக்குநர். அந்தக் கணத்தில் ஒரு படம் எடுத்துக்கொண்டார்கள்.

படம் எடுத்து முடிந்ததும் மனைவி கணவரை வண்டியில் ஏற்றிப் பொது மருத்துவமனைக்குக் கூட்டிப் போனார். பதிவு மேசைக்காரர் கணினியைத் தட்டிப் பார்த்தார். “இவரு குணமாயிட்டாருன்னு வருதுங்க.”

“வாயைப் பாருங்க.”

“வாயைப் பாத்தேன். ஆனா குணமானவருக்கு வைத்தியம் பாத்தா எங்களைக் கேள்வி கேப்பாங்க. சான்றிதழ் வர்றதுக்கு முன்னாடி வந்திருக்கக் கூடாதா? ஒரு மணி நேரம்தானே தள்ளிப் போச்சு.”

திரும்பி வருகிற வழியில், பேருந்து நிலையத்தின் பின்வாசலுக்கு எதிரே கால்நடை மருத்துவமனைக் கதவு திறந்திருந்தது. வேறு எந்தக் கதவும் திறந்திருக்கவில்லை என்பதால் அந்த அம்மாள் உள்ளே போனார். மாட்டு டாக்டர் ஓர் ஆட்டின் காதைத் தைத்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்த்தார்.

“எத்தனை மணிக்குக் கழண்டது?”

“பதினொண்ணுக்கு.”

“கடிப்பாரா?”

“கோவம் வந்தா சத்தம் போடுவாரு. கடிச்சதில்ல.”

டாக்டர் கையைக் கழுவி, இரண்டு கட்டைவிரலிலும் துணியைச் சுற்றிக்கொண்டு, மைக்காரரைச் சுவரோரம் உட்கார வைத்தார். காதுக்கு முன்னால் விரலை வைத்துத் தடவிப் பார்த்தார். இந்த ஐந்து வாரத்தில் அந்த இடத்தை இன்னொரு மனிதர் தொட்டது அதுதான் முதல் தடவை. பிறகு கட்டைவிரல்களைக் கீழ்க்கடைவாயில் வைத்துக் கீழே அமுக்கிப் பின்னால் தள்ளினார். வாய் மூடிக்கொண்டது. ஆட்டின் காதைத் தைக்கிற நேரத்தில் பாதிகூட ஆகவில்லை.

“பயணிகளின் கனிவான கவனத்திற்கு,” என்றார் மைக்காரர். பழக்கம் அது. பிறகுதான் அழுதார். குச்சி, நாக்குப் பயிற்சி எல்லாவற்றையும் மனைவி டாக்டரிடம் சொல்லி முடித்தார்.

“குச்சியைத் தூக்கிப் போடுங்க,” என்றார் டாக்டர். “ரெண்டு வாரத்துக்குக் கொட்டாவி வந்தா மோவாயைப் பிடிச்சுக்குங்க. அந்த நாக்குப் பயிற்சி நல்ல பயிற்சிதான், விடாதீங்க. வலிக்கறதுக்கு முன்னாடி நிறுத்திடணும், அவ்வளவுதான். ஆட்டுக்கு இதைச் சொல்லிப் புரிய வைக்க முடியாது. உங்களுக்குப் புரியும்னு நினைக்கிறேன். தினம் ஒருதரம் வந்து காட்டிட்டுப் போங்க.”

தினமும் போய்க் காட்டினார். ஆறாம் வாரக் கடைசி நாளில் சான்றிதழை மேலாளரிடம் கொடுத்துவிட்டுக் கண்ணாடி அறையில் உட்கார்ந்தார். குரல் கணீரென்று வந்தது. பயணிகள் பழையபடி வண்டியைத் தவற விட்டார்கள். கொஞ்ச நாளில் வாய் முப்பத்தெட்டு மில்லிமீட்டர் திறந்தது. சோற்றுக்கும் பேச்சுக்கும் அது தாராளம்.

சான்றிதழுக்கு ஒரு வால் உண்டு, கவனிக்கவில்லை. குணமானவர்களும் திங்கள்தோறும் படம் அனுப்ப வேண்டும். முப்பத்தெட்டை அனுப்பினார்.

“ஐயா, பதினாலு மில்லிமீட்டரைக் காணோம்,” என்றாள் வழிகாட்டி. “எங்க போச்சு?”

“வாயை மூட ஆரம்பிச்சுட்டேன்மா.”

“அப்போ நோய் திரும்பிடுச்சு.”

“இல்லம்மா, சாப்பிடறேன், பேசறேன். இப்ப உங்ககிட்ட பேசிக்கிட்டிருக்கறதே நான்தான்.”

“பேச்சுக்கும் கட்டம் இல்லைங்க ஐயா. அடுத்த வாரம் ஐம்பத்திரண்டு வரலைன்னா சான்றிதழ் ரத்தாயிடும்.”

அடுத்த திங்கட்கிழமை மனைவியே அந்தப் பாராட்டு விழாப் படத்தை எடுத்து அனுப்பிவிட்டார். மோவாய்க்குக் கீழே துண்டு பிடித்திருந்த அவருடைய கைகூட அதில் இருந்தது. ‘மாற்றம் இல்லை. சிறப்பு’ என்று பதில் வந்தது. அதற்கு அடுத்த வாரமும் அதே படம். ‘மாற்றம் இல்லை. மிகச் சிறப்பு.’ எட்டு வாரம் ஒரே படம் போயிற்று. எட்டு வாரமும் கூடிக்கொண்டே போன பாராட்டில், கடைசியில் இயக்குநருக்கு ஒரு யோசனை உதித்தது. ஒரு மில்லிமீட்டர்கூடப் பிசகாமல் நிற்கும் தாடை உலகில் இருக்கும்போது மற்றவர்களுக்கு ஏன் நாற்பதோடு நிறுத்த வேண்டும்? இனி எல்லாத் தாடையாளருக்கும் இலக்கு ஐம்பத்திரண்டு என்று உத்தரவு போட்டார். ஊரெல்லாம் சுவரொட்டி ஒட்டினார்கள். மைக்காரரின் திறந்த வாய், கீழே ‘இவரால் முடிந்தது, உங்களால் முடியாதா?’. ஒன்றை அவருடைய கண்ணாடி அறைமீதே ஒட்டிவிட்டுப் போனார்கள். உள்ளே அவர் வாய் பேசிக்கொண்டிருக்க, வெளியே அவர் வாய் திறந்தபடி இருந்தது.

ஒரு மாதம் கழித்து மாட்டு டாக்டர் ஆள் அனுப்பினார்.

“வந்து பாருங்க, உங்க சொந்தக்காரங்களை,” என்றார்.

மரப்பெஞ்சில் ஒரு நாய், இரண்டு ஆடு, அதற்கப்புறம் வரிசையாக ஒன்பது மனிதர்கள். ஒன்பது வாயும் திறந்திருந்தன. நாய் அவர்களையெல்லாம் ஒருமாதிரி பார்த்துக்கொண்டிருந்தது. திங்கட்கிழமைகளில் இதுதான் நிலவரம் என்றார் டாக்டர். பதிவேட்டில் ‘இனம்’ என்ற இடத்தில் இவர்களுக்கு என்ன எழுதுவதென்று தெரியாமல் ‘மற்றவை’ என்று எழுதி வருவதாகவும், இந்த மாதம் ‘மற்றவை’ ஆடுகளை முந்திவிட்டதாகவும் சொன்னார்.

“எல்லாம் உங்க படத்தைப் பாத்துட்டு வந்தவங்க,” என்றார். “எனக்கு ரெண்டு கட்டைவிரல்தான் இருக்கு.”

கடைசியில் உட்கார்ந்திருந்த பள்ளிக்கூட டீச்சர் மைக்காரரை அடையாளம் கண்டுகொண்டார். பேச முடியாது. கைப்பையிலிருந்து மாணவர் நோட்டு ஒன்றை எடுத்து, பின்னட்டையில் எழுதி நீட்டினார். ‘நீங்கள் எப்படி இத்தனை வாரம் தாங்குகிறீர்கள்?’

மைக்காரர் வாய் திறந்தார். ஒன்றும் சொல்லாமல் மூடிக்கொண்டார். அந்தம்மா அதைப் பார்த்துவிட்டார். அவ்வளவு சுலபமாக மூடிய வாயை அவர் பார்த்த பார்வையை மைக்காரர் வீடு வரை தூக்கிக்கொண்டு வந்தார்.

“சொல்லிடலாம்னு இருக்கேன்,” என்றார் மனைவியிடம்.

“சொன்னா சான்றிதழ் போயிடும்.”

“தெரியும்.”

“வேலையும் போயிடும். வேற என்ன வேலை தெரியும் உங்களுக்கு?”

“ஒண்ணும் தெரியாது.”

மனைவி துவைத்த துணியை மடித்துக்கொண்டிருந்தார். மடித்து முடித்துவிட்டுத்தான் பேசினார். “அந்தப் படத்தை அனுப்பினது நான். அதையும் சேத்துச் சொல்லுங்க. தெரிஞ்ச வேலையைத் தெரிஞ்ச மாதிரி செய்யுங்க.”

மறுநாள் காலை கூட்ட நேரத்தில் பத்து நடைமேடைகளிலும் இது கேட்டது:

“பயணிகளின் கனிவான கவனத்திற்கு. இந்த அறையின்மேல் ஒட்டியிருக்கும் வாய் என்னுடையது. அது குணமான வாய் அல்ல, தாடை கழன்ற வாய். மூன்று மாதமாக அதே படத்தை நானும் என் மனைவியும் மையத்துக்கு அனுப்பி வந்தோம். யாரும் கவனிக்கவில்லை. ஐம்பத்திரண்டுக்கு முயற்சி செய்ய வேண்டாம். ஏற்கெனவே முயற்சி செய்தவர்கள் பின்வாசலுக்கு எதிரேயுள்ள கால்நடை மருத்துவமனையை அணுகவும். ஆடுகளுக்கு முன்னுரிமை உண்டு, பொறுத்துக்கொள்ளவும். ஒன்பது மணி பத்து நிமிட வண்டி மூன்றாம் நடைமேடையிலிருந்து புறப்படும்.”

நாலு தடவை சொன்னார். மதியத்துக்குள் இயக்குநர் மேலாளரின் கணினித் திரையில் வந்துவிட்டார். மைக்காரரைக் கூப்பிட்டு எதிரே நிற்க வைத்தார்கள்.

“மையம் தந்த வாயை மையத்துக்கு எதிராகப் பயன்படுத்தியிருக்கிறார்,” என்றார் இயக்குநர். “இது சிகிச்சை விதிமீறல். சான்றிதழ் ரத்து. அதோடு அந்தப் பழைய படத்தைத் தள்ளிவிட்டால் இவர் முப்பத்தெட்டு. எங்கள் கணக்குப்படி இவரால் பேச முடியாது. பேச முடியாத ஒருவர் பேசியதாகச் சொல்லப்படும் எதற்கும் நாங்கள் பதில் அளிக்க வேண்டியதில்லை.”

“தாடை கழண்டவங்க அங்க உக்காந்திருக்காங்க, வந்து பாருங்க,” என்றார் மைக்காரர்.

இயக்குநர் மேலாளர் பக்கம் திரும்பினார். “ஏதோ சத்தம் வருகிறது. உங்கள் பக்கம் இணைப்பு சரியில்லை என்று நினைக்கிறேன். தாடை கழன்றவர் என்று எங்கள் படிவத்தில் கட்டமே கிடையாது. கட்டம் இல்லாத நோய் எப்படி வரும்? வந்தாலும் எங்கே உட்காரும்?” திரை அணைந்தது.

மேலாளர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். “நீங்க சொன்னது நிஜமா பொய்யான்னு எனக்குத் தேவையில்லாத விஷயம். என் கோப்புல இப்ப சான்றிதழ் இல்ல. அஞ்சு மணிக்குள்ள வேற ஒண்ணு வரணும். வரலைன்னா பெட்டியைப் பிரிக்கச் சொல்லிடுவேன்.”

மைக்காரர் பின்வாசல் வழியாக ஓடினார். மாட்டு டாக்டர் கையில் ஒரு பூனை இருந்தது.

“சான்றிதழ் தரலாம்,” என்றார். “பாத்தது நான்தானே. ஆனா என்கிட்ட இருக்கறது ஒரே படிவம்தான். அதுல நான் பொய் எழுத மாட்டேன்.”

“நிஜத்தையே எழுதுங்க.”

டாக்டர் பூனையை இறக்கிவிட்டு, மைக்காரரை விளக்கடியில் நிறுத்தி, பல்லை எண்ணி, தாடையைத் தடவி, கொஞ்ச தூரம் நடக்கச் சொல்லிப் பார்த்து, ஒவ்வொரு கட்டமாக நிரப்பினார். முத்திரையை இரண்டு தடவை குத்தினார். முதல் தடவை மை சரியாக விழவில்லை.

ஐந்து அடிக்கப் பத்து நிமிஷம் இருக்கும்போது மேலாளர் அந்தத் தாளை வாங்கி மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். அறையின் மூலையில் பெட்டியின் கயிற்றை அறுக்கக் கத்திரிக்கோலோடு ஒருத்தர் நின்றிருந்தார். மேலாளர் வாய்விட்டுப் படித்தார்.

“இனம், மற்றவை. நிறம், மாநிறம். பல், இருபத்தொன்பது. கொம்பு, இல்லை. தாடை, நன்றாக அசை போடுகிறது. நடை, சீர். குணம், சாது, குரல் கொடுக்கும். மேற்படி பிராணி நல்ல உடல்நிலையில் உள்ளது. வேலைக்குத் தகுதியானது. பாரம் இழுக்கலாம்.”

தாளைத் திருப்பிப் பின்பக்கம் பார்த்தார். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து முத்திரையைப் பார்த்தார். பிறகு கோப்பைத் திறந்து, துளையிட்டு, உள்ளே கோத்தார். கத்திரிக்கோல்காரரைப் போகச் சொல்லிக் கை காட்டினார்.

“நல்லா எழுதியிருக்காரு,” என்றார். “அந்த மையத்துக்காரங்க வெறும் மூணு வரிதான் எழுதியிருந்தாங்க. பாரம் இழுக்கலாம்னு போட்டிருக்கறதால, நாளையிலேர்ந்து மத்தியானம் ரெண்டு மணி நேரம் பார்சல் பிரிவுக்கும் போயிடுங்க.”

“சரிங்க சார்,” என்றார் மைக்காரர். வாசல்வரை போய் நின்றார். “கொம்பைப் பத்தி ஒண்ணும் கேக்கலையே?”

“இல்லைன்னுதானே போட்டிருக்கு?” என்றார் மேலாளர் அடுத்த கோப்பை எடுத்துக்கொண்டே. “இருந்திருந்தா தலைமையகத்துக்கு எழுதிக் கேட்டிருப்பேன்.”